கிளாக்கோமா: கண் சொல்லாத நோயைக் கண்டறிந்து பார்வையைக் காப்பது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

என் பெரியப்பா பத்திரிகை படிக்கும்போது மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்வார். சிறு வயது முதல் கிட்டப்பார்வை உள்ளவர் என்பதால், அறுபது தாண்டியும் பொடி எழுத்தைக் கண்ணாடி இல்லாமல் படித்துவிடுவார். அதில் அவருக்கு ஒரு பெருமை உண்டு. "என் கண்ணுக்கு ஒன்றும் இல்லை" என்பார். அதே மனிதர் வாசல் நிலையில் இடது தோளை இடித்துக்கொள்வார். பெரியம்மா இடப்பக்கம் வைத்த காப்பி டம்ளரைக் கை தட்டிவிடும். மாடியிலிருந்து இறங்கும்போது கடைசிப் படியைத் தவறவிட்டு இரண்டு முறை விழுந்தார். வயதாகிறது என்று நாங்களும் விட்டுவிட்டோம். கண்புரை இருக்கிறதா என்று பார்க்கப் போன இடத்தில்தான் விஷயம் தெரிந்தது. இடது கண்ணின் பார்வைப் பரப்பில் பெரும்பகுதி போய்விட்டிருந்தது. வலது கண்ணிலும் தொடங்கிவிட்டது. அன்று காலையிலும் அவர் பத்திரிகை படித்துவிட்டுத்தான் வந்திருந்தார்.

நான் மருத்துவன் அல்லன். அவரோடு பல ஆண்டுகளாகக் கண் மருத்துவமனை வரிசையில் உட்கார்ந்தவன். அவர் கண்ணில் சொட்டு மருந்து விட்டவன். அன்றைக்கு எனக்குத் தெரியாமல் போனவற்றை இங்கே வரிசையாக எழுதுகிறேன். உங்கள் வீட்டில் நாற்பது வயதைத் தாண்டிய ஒருவராவது இருப்பார், அவருக்காகப் படியுங்கள்.

முதல் படி: கண்ணுக்குள் நடப்பதைப் புரிந்துகொள்ளுங்கள்

கண்ணின் முன்பகுதியில் தெளிந்த நீர் ஒன்று இடைவிடாமல் சுரந்துகொண்டிருக்கிறது. அழும்போது வழிகிற கண்ணீருக்கும் இதற்கும் தொடர்பில்லை. கண்ணீர் வெளியே சுரப்பது, இது உள்ளே சுரப்பது. கருவிழித் திரைக்குப் பின்னால் ஊறி, கண்மணித் துளை வழியாக முன்னால் வந்து, கருவிழித் திரையும் கண்ணாடி போன்ற முன்படலமும் சந்திக்கும் மூலையில் உள்ள சல்லடை போன்ற திசுவின் வழியாக இந்த நீர் வடிந்து இரத்தத்தில் கலக்கிறது. ஊறுவதும் வடிவதும் சமமாக இருக்கும்வரை கண்ணுக்குள் அழுத்தம் சீராக இருக்கும். பாதரச மில்லிமீட்டர் கணக்கில் அது பெரும்பாலும் 10 முதல் 21 வரை. வடிகால் அடைத்துக்கொண்டால் தொட்டியில் நீர் ஏறுவதுபோல அழுத்தம் ஏறுகிறது.

ஏறிய அழுத்தம் கண்ணின் பின்புறத்தில், பார்வை நரம்பு வெளியேறும் இடத்தை நெருக்குகிறது. அந்த நரம்பு பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மெல்லிய இழைகளின் கட்டு. இழைகள் ஒவ்வொன்றாகச் சாகத் தொடங்குகின்றன. இதுதான் கிளாக்கோமா. செத்த இழை மீண்டும் முளைப்பதில்லை. கண்புரையில் போன பார்வை அறுவை சிகிச்சைக்குப் பின் திரும்பி வரும். கிளாக்கோமாவில் போனது போனதுதான். உலக அளவில் மீட்க முடியாத பார்வையிழப்புக்கு முதல் காரணம் இந்த நோய்தான்.

இங்கே இரண்டு குழப்பங்களைத் தீர்த்துக்கொள்வது நல்லது. கண் அழுத்தம் வேறு, இரத்த அழுத்தம் வேறு. "எனக்கு பிபி இல்லையே, கண் அழுத்தம் எப்படி வரும்?" என்று கேட்பவர்களை ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன். இரண்டாவது, அழுத்த எண் மட்டுமே நோய் ஆகாது. அழுத்தம் 16 இருந்தும் நரம்பு பழுதாகிறவர்கள் உண்டு. 24 இருந்தும் நரம்பு பல்லாண்டு நலமாக இருப்பவர்களும் உண்டு. நரம்பின் நிலைதான் நோயைத் தீர்மானிக்கிறது. இதை மனத்தில் பதித்துக்கொண்டால், பின்னால் மருத்துவரிடம் சரியான கேள்வியைக் கேட்க முடியும்.

இத்தனை நடந்தும் ஏன் தெரிவதில்லை? முதலில் பழுதாவது பெரும்பாலும் ஓரப் பார்வை. நடுப்பார்வை கடைசி வரை தெளிவாக நிற்கும். ஒரு கண்ணில் காணாமல் போன இடத்தை மறு கண் ஈடுகட்டிவிடும். அதற்கும் மேலே மூளை ஒரு வேலை செய்கிறது. தகவல் வராத இடத்தைச் சுற்றியுள்ள காட்சியை வைத்து நிரப்பிவிடுகிறது. சுவரொட்டிகளில் கருப்பு வளையத்துக்குள் குழாய் வழியாகப் பார்ப்பதுபோலப் படம் போடுகிறார்கள். நோயாளி அப்படிப் பார்ப்பதில்லை. அவருக்குக் கருப்பு எதுவும் தெரியாது. தெருவும் சுவரும் முழுதாக இருப்பதாகவே தோன்றும்; அதில் வர வேண்டிய சைக்கிள் மட்டும் இருக்காது. பெரியப்பாவிடம் ஒருமுறை கேட்டேன். "இல்லாதது தெரியவில்லை, திடீரென்று பக்கத்தில் வந்து நிற்பதுதான் தெரிகிறது" என்றார்.

இரண்டாம் படி: உங்களுக்கு வாய்ப்பு எவ்வளவு என்று பாருங்கள்

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை தென் மாவட்டக் கிராமங்களில் நடத்தி 2003இல் வெளியிட்ட ஆய்வில், 40 வயதுக்கு மேற்பட்டவர்களில் 100க்கு 2.6 பேருக்கு கிளாக்கோமா இருந்தது. அவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல், சோதனை செய்த அன்றுவரை தங்களுக்கு நோய் இருப்பதை அறியாதவர்கள். இந்தியா முழுவதும் 40 வயதுக்கு மேற்பட்டவர்களில் ஏறத்தாழ 1.12 கோடிப் பேருக்கு இந்த நோய் இருக்கும் என்பது 2010இல் வெளியான மதிப்பீடு.

வயது ஏற ஏற வாய்ப்பும் ஏறும். பெற்றோர், உடன்பிறந்தவர் ஆகியோரில் ஒருவருக்கு இருந்தால் உங்களுக்கு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். கிட்டப்பார்வை அதிகம் உள்ளவர்களுக்கு ஒரு வகை வரலாம். தூரப்பார்வைக் குறைபாடும் சிறிய கண் அமைப்பும் உள்ளவர்களுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, வேறொரு வகை வரலாம். நீரிழிவு உள்ளவர்கள் எப்படியும் ஆண்டுதோறும் கண் பார்க்க வேண்டும். அப்போது இதையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். கிரிக்கெட் பந்தோ பட்டாசோ எப்போதோ கண்ணில் பட்டிருந்தால், ஆறிப்போன காயம் என்று நினைக்காமல் சொல்லுங்கள். அடிபட்ட கண்ணில் பல ஆண்டுகள் கழித்தும் அழுத்தம் ஏறுவதுண்டு.

ஸ்டீராய்டு பற்றிச் சற்று விரிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இது நாமாக வரவழைத்துக்கொள்ளும் ஆபத்து. கண் சிவந்தால் மருந்துக் கடையில் போய் "சிவப்புக்கு ஒரு சொட்டு மருந்து கொடுங்கள்" என்று கேட்கும் பழக்கம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. கொடுக்கப்படும் புட்டியில் டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், பிரெட்னிசோலோன் இவற்றில் ஒன்று இருந்தால் அது ஸ்டீராய்டு. இரண்டே நாளில் சிவப்பு மறையும், அரிப்பு நிற்கும், மனம் குளிரும். அடுத்த முறை அரித்தால் அதே புட்டி. கோடையில் கண் அரித்துத் தேய்த்துக்கொண்டே இருக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கு இப்படி மாதக்கணக்கில் விட்டு, பத்து வயதில் நரம்பு பழுதாகிப்போன கதைகளைக் கண் மருத்துவர்கள் வேதனையோடு சொல்வார்கள். ஸ்டீராய்டு கெட்ட மருந்து என்று நான் சொல்ல வரவில்லை. அறுவை சிகிச்சைக்குப் பின்னும் சில கண் அழற்சிகளுக்கும் அது தேவை. மருத்துவர் குறித்த நாளுக்கு மேல் ஒரு நாளும் விடாதீர்கள். பழைய சீட்டைக் காட்டி வாங்காதீர்கள். ஆஸ்துமாவுக்கு உறிஞ்சும் மருந்து, மூட்டு வாதத்துக்கு மாத்திரை, முகத்தில் பூசும் சில களிம்புகள் ஆகியவற்றிலும் ஸ்டீராய்டு உண்டு. நீண்ட நாள் எடுப்பவர்கள் அதை நிறுத்த வேண்டியதில்லை. கண் அழுத்தத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தால் போதும்.

மூன்றாம் படி: எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள்

வடிகாலின் மூலை திறந்திருந்தும் சல்லடை மெல்ல மெல்ல அடைபடுவது திறந்த கோண வகை. பெரியப்பாவுக்கு வந்தது இதுதான். வலி இல்லை, சிவப்பு இல்லை, சத்தமே இல்லை.

மூடிய கோண வகை வேறு மாதிரி. கருவிழித் திரை முன்னால் தள்ளப்பட்டு வடிகாலின் வாயையே மூடிவிடும். இதுவும் பலருக்குச் சத்தமில்லாமல்தான் நடக்கிறது. ஆனால் சிலருக்குச் சில மணி நேரத்தில் அழுத்தம் 50, 60 என்று பாய்ந்துவிடும். கண்ணிலும் அந்தப் பக்கத் தலையிலும் தாங்க முடியாத வலி, கண் சிவப்பு, மங்கல், விளக்கைச் சுற்றி வானவில் வளையம், அதோடு குடலைப் புரட்டும் வாந்தி. இந்த வாந்திதான் ஆளை ஏமாற்றும். எங்கள் தெருவில் ஓர் அம்மாவுக்கு இரவில் இப்படி வந்தது. வாந்தியைப் பார்த்துப் பித்தம் என்றார்கள், பிறகு ஒற்றைத் தலைவலி என்று ஊசி போட்டார்கள். கண்ணில் என்ன தெரிகிறது என்று யாரும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் கண் மருத்துவரிடம் போனபோது அந்தக் கண்ணில் கை அசைவு மட்டுமே தெரிந்தது. தலைவலி, வாந்தி, சிவந்த கண், மங்கல் ஆகியவை சேர்ந்து வந்தால் பொழுது விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்; கண் பிரிவு உள்ள மருத்துவமனைக்கு அந்த நேரமே போங்கள். கோணம் குறுகியவர்களுக்குச் சளி, ஒவ்வாமைக்கான சில மாத்திரைகளும், மனச்சோர்வுக்கான சில மருந்துகளும், கண்மணி விரிகிற நீண்ட நேர இருட்டும்கூட இதைத் தூண்டிவிடலாம்.

இன்னொன்று நம் ஊருக்கே உரியது. "புரை நன்றாக முற்றட்டும், பிறகு எடுத்துக்கொள்ளலாம்" என்று ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடுவது. அது பழைய காலத்து அறுவை முறைக்குச் சொன்ன பேச்சு. இன்று முற்றக் காத்திருக்க வேண்டியதில்லை. முற்றி உப்பிய லென்ஸ் வடிகால் மூலையை அடைக்கும். மிக முற்றினால் அதிலிருந்து கசியும் புரதம் சல்லடையை அடைக்கும். புரையோடு போயிருக்க வேண்டிய பிரச்சினை, பார்வை நரம்பையும் கொண்டுபோய்விடும்.

குழந்தைகளுக்கும் இது வரும். பிறந்த சில மாதங்களில் கண் ஓயாமல் நீர் வடித்து, வெளிச்சத்தைக் கண்டால் இறுக மூடிக்கொண்டு, கருவிழி பெரிதாகவும் சாம்பல் பூத்தும் இருந்தால் உடனே காட்ட வேண்டும். குழந்தையின் கண் சுவர் மென்மையானது. அழுத்தத்தில் விரிந்து பெரிதாகிவிடும். மருத்துவத்தில் இதற்கு வைத்த பெயருக்கே காளைக் கண் என்று பொருள். "எவ்வளவு பெரிய கண், அப்படியே அம்மன் கண்!" என்று உறவினர் கொஞ்சிக்கொண்டிருக்கும் நாட்களில் நரம்பு செத்துக்கொண்டிருக்கும். மாமன் மகள், அக்காள் மகள் என்று நெருங்கிய உறவில் மணம் முடித்த குடும்பங்களில் இது கூடுதலாகக் காணப்படுகிறது. அறுவை சிகிச்சை சீக்கிரம் நடந்தால் பல குழந்தைகளுக்கு நல்ல பார்வை மிஞ்சுகிறது.

நான்காம் படி: முழுச் சோதனை செய்துகொள்ளுங்கள்

கண்ணாடிக் கடையில் எழுத்துப் பலகையைப் படித்துவிட்டு வருவது கண் சோதனை ஆகாது. கடைசி வரி வரை படித்துவிட்ட பெரியப்பாவுக்கு நோய் இருந்தது. காற்றை 'புஸ்' என்று ஊதி அழுத்தம் பார்ப்பது ஒரு தொடக்கம், அதுவும் போதாது. கண்ணை மரத்துப்போகச் செய்து, நீல ஒளியில் கருவியின் முனையைக் கண்மேல் மெல்லத் தொட்டு அளப்பதுதான் துல்லியமான முறை. வலிக்காது.

அழுத்த எண்ணோடு முன்படலத்தின் தடிமனையும் அளக்க வேண்டும். சராசரி ஏறத்தாழ 540 மைக்ரான். படலம் மெல்லியதாக இருந்தால் கருவி உண்மையைவிடக் குறைத்துக் காட்டும். தடிமனாக இருந்தால் கூட்டிக் காட்டும். கண்ணாடியைத் தவிர்க்க லேசிக் என்ற லேசர் சிகிச்சை செய்துகொண்டவர்களுக்குப் படலம் மெலிந்திருக்கும். அதனால் எப்போது செய்துகொண்டாலும் அதைத் தவறாமல் சொல்லுங்கள். அடுத்து, சிறு கண்ணாடி பொருத்திய லென்ஸைக் கண்மேல் வைத்து வடிகால் மூலை திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். நேரம் பிடிக்கும் என்பதால் கூட்டம் மிகுந்த இடங்களில் விடுபடுவது இதுதான்.

எல்லாவற்றிலும் முக்கியம், கண்மணியை விரித்து நரம்பின் தலையை நேரில் பார்ப்பது. நரம்பின் தலை ஒரு தட்டு என்றால் அதன் நடுவில் ஒரு சிறு குழி இருக்கும். இழைகள் சாகச் சாகக் குழி அகலமாகும். சீட்டில் 0.3, 0.7 என்று எழுதியிருப்பது தட்டில் குழி எவ்வளவு பங்கு என்ற கணக்கு. 0.6க்கு மேல் போனாலோ, இரண்டு கண்ணுக்கும் இடையே 0.2 அல்லது அதற்கு மேல் வேறுபட்டாலோ ஆராய்வார்கள். பிறவியிலேயே பெரிய குழி உள்ளவர்களும் உண்டு. எண்ணை மட்டும் பார்த்துப் பயப்பட வேண்டாம். பரிசோதனை முடிந்து எழும்போது, "என் நரம்பு எப்படி இருக்கிறது?" என்று கேளுங்கள். "அழுத்தம் எவ்வளவு?" என்பதைவிட இந்தக் கேள்வி பயனுள்ளது.

சந்தேகம் இருந்தால் பார்வைப் பரப்புச் சோதனை. ஒரு கண்ணை மூடி, கிண்ணம் போன்ற கருவிக்குள் நடுப்புள்ளியை நோக்கி, ஓரங்களில் மின்னும் ஒளிப்பொட்டு தெரிந்தால் பொத்தானை அழுத்த வேண்டும். பெரியப்பாவுக்கு இது பரீட்சை போல இருந்தது. பொட்டைத் தேடிக் கண்ணை அலையவிட்டதால் முதல் அறிக்கை பயன்படவில்லை. கண்ணை நடுவிலேயே நிறுத்துங்கள். பாதிக்கு மேல் பொட்டுகள் தெரியாமல் போவதுபோல இருக்கும். கருவியே அவ்வளவு மங்கலாகத்தான் காட்டும், கலங்க வேண்டாம். தூக்கக் கலக்கத்தில் போகாதீர்கள். ஓசிடி என்பது நரம்பிழை அடுக்கின் தடிமனை ஒளியால் படம் பிடிப்பது. சில நிமிட வேலை. இந்த அறிக்கைகள் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வரிசையாக வையுங்கள். ஒரு நாள் படத்தைவிட, ஐந்து ஆண்டுப் படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில்தான் நோய் நகர்கிறதா நிற்கிறதா என்பது தெரியும்.

எப்போது போவது? யாராக இருந்தாலும் 40 வயதில் ஒரு முழுச் சோதனை. பிறகு இரண்டாண்டுக்கு ஒருமுறை. 60க்குப் பின் ஆண்டுக்கு ஒருமுறை. குடும்பத்தில் இருந்தால் 40 வரை காத்திருக்க வேண்டாம். கண்மணி விரிக்கும் மருந்து விட்டால் சில மணி நேரம் வெளிச்சம் கூசும். வண்டியை வீட்டில் விட்டுவிட்டு ஒரு துணையோடு போங்கள்.

ஐந்தாம் படி: சொட்டு மருந்தைச் சரியாக விடுங்கள்

இந்த நோயில் மருத்துவர் செய்வது ஒரு பங்கு என்றால், வீட்டில் தினமும் செய்வது பல பங்கு. சிகிச்சையின் வேலை அழுத்தத்தைக் குறைத்து மிச்சமுள்ள இழைகளைக் காப்பது. சுவீடனில் நடந்த ஒரு புகழ்பெற்ற ஆய்வில், அழுத்தம் ஒரு மில்லிமீட்டர் குறையக் குறைய, நோய் முற்றும் அபாயம் ஏறத்தாழப் பத்து விழுக்காடு குறைவது தெரிந்தது. எனவே உங்கள் கண்ணுக்கு எவ்வளவுக்குக் கீழே நிற்க வேண்டும் என்று மருத்துவர் ஓர் இலக்கு வைப்பார். அது எத்தனை என்று கேட்டுக் கோப்பின் முதல் பக்கத்தில் எழுதிவையுங்கள்.

லட்டனோபிராஸ்ட், பைமட்டோபிராஸ்ட், டிராவோபிராஸ்ட் வகை இரவில் ஒரு வேளை விடுவது. இமை முடி நீண்டு அடர்வதும், இமைத் தோல் கருப்பதும், கண் சற்றுச் சிவப்பதும் உண்டு. டைமலால் பழைய, விலை குறைந்த மருந்து. ஆனால் ஆஸ்துமா உள்ளவருக்கும் இதயத் துடிப்பு மிகக் குறைவானவருக்கும் ஆபத்து. கண்ணில் விட்ட சொட்டு மூக்கு வழியாக இறங்கி இரத்தத்தில் கலந்து மூச்சைத் திணறவைக்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. கண் மருத்துவரிடம் இளைப்பு நோயைப் பலர் சொல்லாமல் விடுவது அதனால்தான். பிரிமோனிடின் சிலருக்கு ஒவ்வாமையும் தூக்கமும் தரும், கைக்குழந்தைகளுக்குக் கூடாது. டார்சலமைடு, பிரின்சலமைடு விட்டதும் வாயில் கசக்கும். அசிட்டசலமைடு மாத்திரை அவசரத்துக்கு. விரல் நுனிகள் மதமதப்பது அதன் இயல்பு. சல்பா வகை மருந்துகளுக்கு ஒவ்வாமை, சிறுநீரகக் கல் இருந்தால் முன்பே சொல்லுங்கள்.

இப்போது விடும் முறை. பெரியப்பாவுக்கு முதல் மாதம் நான் விட்ட மருந்தில் பாதி அவர் கன்னத்தில் வழிந்தது.

1. கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கலங்கல் மருந்தாக இருந்தால் புட்டியைக் குலுக்குங்கள்.
2. தலையைப் பின்னால் சாய்க்கட்டும். படுத்தால் இன்னும் நல்லது. பார்வை மேலே, உத்தரத்தை நோக்கி.
3. சுட்டுவிரலால் கீழ் இமையை மெல்ல இழுங்கள். அங்கே சிறு பை போல ஒரு குழிவு விழும்.
4. புட்டியின் முனை கண்ணிலோ இமை முடியிலோ படாமல் அந்தப் பைக்குள் ஒரே ஒரு சொட்டு. கண் கொள்ளும் அளவைவிட ஒரு சொட்டே பெரிது. இரண்டாவது சொட்டு கன்னத்துக்குத்தான் போகும்.
5. கண்ணை மென்மையாக மூடி, மூக்கை ஒட்டிய கண் மூலையை விரல் நுனியால் இரண்டு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். மருந்து தொண்டைக்கு இறங்காமல் கண்ணிலேயே நிற்கும், பக்கவிளைவும் குறையும். கண்ணைச் சிமிட்டி மருந்தைப் பிழிந்துவிடாதீர்கள்.
6. இன்னொரு மருந்து இருந்தால் ஐந்து நிமிடம் பொறுத்து விடுங்கள்.

தனியாக இருப்பவர்களுக்கு ஒரு வழி: புட்டியைக் குளிர்பெட்டியில் வைத்தால், சொட்டு விழுந்தது கண்ணுக்குச் சில்லென்று தெரியும். சில மருந்துகளைத் திறக்கும்வரை குளிர்பெட்டியில்தான் வைக்க வேண்டும் என்பதால் அட்டையைப் படியுங்கள். திறந்த நாளைப் புட்டியின் மேலே பேனாவால் எழுதுங்கள். பெரும்பாலானவற்றை ஒரு மாதத்துக்குமேல் பயன்படுத்தக்கூடாது. எங்கள் வீட்டில் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் தொலைக்காட்சிச் செய்தி முடிந்ததும் மருந்து. செய்திதான் நினைவூட்டும் மணி. ஊருக்குப் போகும்போது துணிப் பெட்டியில் வைக்காமல் கைப்பையில் எடுத்துக்கொள்வோம். கல்யாண வீட்டில் மூன்று நாள் விட்டுப்போய், திரும்பி வந்து நான்கு சொட்டு விட்டால் ஈடாகாது. சோதனைக்குப் போகும் வாரம் மட்டும் ஒழுங்காக விடுவதும் பலரிடம் உண்டு. அன்று அழுத்தம் நன்றாகத் தெரியும். மருத்துவர் மருந்தை மாற்றமாட்டார். நரம்பு மட்டும் போய்க்கொண்டே இருக்கும். விட்டுப்போயிருந்தால் வெட்கப்படாமல் சொல்லுங்கள்.

விலை கட்டுப்படியாகவில்லை என்றாலும் அதையே சொல்லுங்கள். மலிவான மாற்று மருந்து இருக்கலாம். மருந்தை நீங்களாக நிறுத்துவதுதான் எல்லாவற்றையும்விட அதிக விலை கேட்கும்.

ஆறாம் படி: லேசர், அறுவை சிகிச்சை என்றால் அஞ்சாதீர்கள்

கோணம் குறுகியவர்களுக்குக் கருவிழித் திரையின் ஓரத்தில் லேசரால் ஊசிமுனை அளவு துளை போடுவார்கள். சில நிமிடம், அன்றே வீடு திரும்பலாம். சிலருக்குப் புரை இல்லாதபோதும் தடித்த லென்ஸை எடுத்துவிடுவதே சிறந்த தீர்வு. திறந்த கோண வகைக்குச் சல்லடையின்மேல் செய்யும் லேசர் இன்று முதல் சிகிச்சையாகவே பரிந்துரைக்கப்படுகிறது. பிரிட்டனில் நடந்து 2019இல் வெளியான ஆய்வில், லேசரில் தொடங்கியவர்களின் கண்களில் ஏறத்தாழ முக்கால் பங்கு மூன்றாண்டு முடிவில் சொட்டு மருந்தே இல்லாமல் கட்டுப்பாட்டில் இருந்தன. தினமும் மருந்து விட முடியாதவர்கள் இதைப் பற்றித் தங்கள் மருத்துவரிடம் கேட்டுப் பார்க்கலாம். அதன் பலன் சில ஆண்டுகளில் தேயலாம் என்பதால் சோதனையை நிறுத்தக்கூடாது.

மருந்தும் லேசரும் போதாதபோது, கண்ணின் வெள்ளைச் சுவரில் புதிய வடிகால் வழி ஒன்றை அமைப்பார்கள். 1960களின் இறுதியிலிருந்து செய்யப்படும் நம்பகமான அறுவை அது. மேலிமைக்கு அடியில் ஒரு சிறு நீர்க்கொப்புளம் நிரந்தரமாக இருக்கும். அந்தக் கண் பத்து ஆண்டு கழித்துச் சிவந்து பீளை கட்டினாலும் அவசரம்தான். அன்றே போக வேண்டும். கடினமான கண்களுக்குச் சிறு குழாய்க் கருவி பொருத்துவார்கள். மதுரையின் ஆரோலேப் அத்தகைய கருவி ஒன்றைத் தயாரிப்பதால், முன்பு இறக்குமதி விலைக்கு எட்டாத பலருக்கு அது எட்டுகிறது. அறுவைக்குப் பின் "பார்வை கூடவில்லையே" என்று ஏமாறாதீர்கள். இருப்பதைக் காக்கத்தான் அது.

ஏழாம் படி: அன்றாடத்தில் எதைச் செய்யலாம், எதை விடலாம்

நடைப்பயிற்சி நல்லது, அழுத்தத்தைச் சற்றுக் குறைக்கும். சிரசாசனம் வேண்டாம். யோகா பயிற்சி உள்ளவர்களிடமே அந்த நிலையில் கண் அழுத்தம் ஏறத்தாழ இரட்டிப்பாவதை 2006இல் வெளியான சென்னை சங்கர நேத்ராலயா ஆய்வாளர்களின் கட்டுரை காட்டியது. சர்வாங்காசனம் போலத் தலை கீழாகப் போகும் மற்ற ஆசனங்களையும் தவிருங்கள், மற்றவற்றுக்குத் தடையில்லை. காலையில் வெறும் வயிற்றில் ஒரு லிட்டர் தண்ணீரை ஒரே மூச்சில் குடிப்பதும் அழுத்தத்தைத் தற்காலிகமாக ஏற்றும். அதே தண்ணீரைச் சிறிது சிறிதாகக் குடியுங்கள். மூச்சை அடக்கிப் பெரும் பாரம் தூக்குவதும், கழுத்துப்பட்டையை இறுகக் கட்டுவதும், குப்புறப் படுத்து ஒரு கண்ணைத் தலையணையில் அழுத்துவதும் வேண்டாம்.

கீரையும் பழமும் உடம்புக்கு நல்லது, கிளாக்கோமாவைத் தீர்க்காது. தேன், வெங்காயச் சாறு, விளக்கெண்ணெய், தாய்ப்பால் எதையும் கண்ணில் விடாதீர்கள். கிருமி தொற்றினால் இருக்கும் பார்வையும் போகும்.

எட்டாம் படி: பார்வை ஏற்கெனவே குறைந்திருந்தால்

இந்தப் பகுதியைப் பலரும் எழுதுவதில்லை. ஆனால் வீட்டில் உள்ளவர்கள் தெரிந்திருக்க வேண்டியது இதுதான். ஓரப் பார்வை போனவர் நேரே பார்த்துப் பேசுவார், எழுத்துக்கூட்டிப் படிப்பார். பிறகு நாற்காலியில் முட்டுவார். "நடிக்கிறார்" என்று சொல்லிவிடாதீர்கள். வழியில் முக்காலி, வாளி, செருப்பு போடாதீர்கள். படிகளின் விளிம்பில் பளிச்சென்ற நிறம் அடியுங்கள். இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு வரும்போது ஒரு நிமிடம் நின்று போகச் சொல்லுங்கள். வாகனம் ஓட்டுவதைப் பற்றி மருத்துவரிடம் நேராகவே கேளுங்கள். பரப்பு சுருங்கியவருக்குப் பக்கத்துத் தெருவிலிருந்து வருகிற பிள்ளை தெரியாது.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, எழுத்துப் பலகையை மட்டும் வைத்துப் பார்வைக் குறைபாட்டை அளப்பதில்லை. பார்வைப் பரப்பு 40 பாகைக்குக் கீழே சுருங்கினால் குறை பார்வை, 10 பாகைக்குக் கீழே போனால் பார்வையின்மை. பொடி எழுத்தைப் படிக்க முடிகிறது என்பதால் சான்றிதழ் கிடைக்காது என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். பரப்புச் சோதனை அறிக்கையோடு விண்ணப்பியுங்கள்.

பெரியப்பா வீட்டு மாடிப்படிகளின் விளிம்பில் நானும் என் தம்பியும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மஞ்சள் பெயின்ட் அடித்தோம். காப்பி டம்ளரைப் பெரியம்மா இப்போது வலப்பக்கம் வைக்கிறார். வலது கண்ணின் பரப்பு ஏழு ஆண்டுகளாக அப்படியே நிற்கிறது என்று கடைசி அறிக்கை சொல்கிறது. அவருக்கு மருந்து விட்டுவிட்டு அன்று இரவே எங்கள் நால்வர் பெயரையும் எழுதினேன்: அவருடைய இரண்டு பிள்ளைகள், என் தம்பி, நான். நால்வருக்கும் நாற்பது நெருங்குகிறது. நான்கு பேருக்கும் ஒரே நாளில் நேரம் வாங்கிவிட்டேன். வண்டி எடுக்காமல் பஸ்ஸில் போகிறோம்.